கொதிக்கிற மொறிஸ் மைனருக்கு எலெக்ரிக் ஃபான் பூட்டுமுன்

பழைய கார் ஒன்றைப் புதிதாகக் கையில் எடுத்தவர்கள் முதல் வெயில் காலத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எலெக்ரிக் ஃபான் ஒன்று பூட்டினால் சூடு நிக்குமோ?" நானும் இப்படித்தான் கேட்டேன். அப்பா விட்டுப்போன மொறிஸ் மைனர் 948 சிசி எஞ்சின் கார். நல்லூர்த் திருவிழா நேரம் சனத்துக்குள் ஊர்ந்துகொண்டு போனால் கொதித்தது, கண்டி வீதியில் கிளிநொச்சிப் பக்கம் ஓடினாலும் கொதித்தது. ஃபான் வாங்கினேன், பூட்டினேன். நல்லூரில் கொஞ்சம் குறைந்தது. ஆனையிறவைத் தாண்டியதும் பழையபடி ஆவி பறந்தது.

பிறகு ஒரு வயதான மெக்கானிக் அண்ணரிடம் கொண்டுபோனேன். எஞ்சினை நிற்பாட்டி, கொஞ்ச நேரம் விட்டு, ரேடியேற்றருக்கு மேலே உள்ளங்கையை மெதுவாக நகர்த்திப் பார்த்தார். "தம்பி, காத்து இல்லையெண்டு ஆர் சொன்னது? உள்ளுக்குத் தண்ணியெல்லோ ஓடேல்லை" என்றார். ரேடியேற்றரின் மேல் தொட்டியை ஈயம் உருக்கிக் கழற்றியபோது குழாய்களில் பாதிக்குமேல் வெள்ளைக் கல் பிடித்து அடைத்திருந்தது. எங்கள் வீட்டுக் கேத்தில் அடியில் பிடிக்கிற அதே கல்.

அதனால் இந்த வழிகாட்டி ஃபானில் தொடங்காது. ஃபான் தேவையா என்று கண்டுபிடிப்பதில்தான் தொடங்கும்.

முதலில்: எப்போது சூடேறுகிறது?

இதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

கார் நிற்கும்போதும் ஊரும்போதும் சூடேறி, வேகம் பிடித்ததும் தானாகத் தணிந்தால் காற்றுப் பிரச்சினை. கோண்டாவில் புகையிரதக் கடவையில் ரயிலுக்காக நிற்கும்போது முள் ஏறுகிறது, கடவை திறந்து மூன்றாம் கியருக்கு வந்ததும் இறங்குகிறது என்றால் உங்களுக்கு ஃபான் உதவும்.

மறுபக்கம், நின்றால் பிழையில்லை, ஓட ஓடச் சூடேறுகிறது என்றால் ஃபான் உதவாது. மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிற காரின் ரேடியேற்றருக்குள் முன்னாலிருந்து அடிக்கிற காற்று, இந்தக் கார்களுக்குப் பூட்டுகிற ஃபான் இழுக்கக்கூடியதைவிட அதிகம். அந்த வேகத்தில் ஃபான் சும்மா சுற்றும். முன்பக்கம் பூட்டிய ஃபானாக இருந்தால் காற்றை மறிக்கவும் செய்யும். எங்கள் பக்கம் மலை ஏற்றம் இல்லை. ஆகவே சாவகச்சேரி, கொடிகாமம் தாண்டிப் போகிற நீண்ட நேரான ஓட்டம்தான் ரேடியேற்றருக்கு உண்மையான சோதனை.

இன்னொன்று. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில், காற்று காரின் பின்னாலிருந்து வீசும்படி நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால், ஃபான் இழுக்கிற திசைக்கு எதிராகக் காற்று தள்ளும். அன்று கூடிய சூட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். காரைத் திருப்பி நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் பார்க்க வெப்பமானி வேண்டுமே! மொறிஸ் மைனர் பலவற்றில் அது தொழிற்சாலையிலிருந்தே வரவில்லை. எலெக்ரிக் ஃபானுக்குக் காசு செலவழிக்குமுன் வெப்பமானி ஒன்றைப் பூட்டுங்கள். முள் இல்லாத காரில் ஆவியைக் கண்டுதான் சூட்டை அறிய முடியும். ஆவி வந்த பிறகு தெரிந்து பயனில்லை, அதற்குள் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்திருக்கலாம்.

தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவருக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய விஷயம் இதுதான். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிறது. குடிக்க இனிக்கிற நல்ல தண்ணீர்க் கிணறு என்றாலும் அதில் சுண்ணாம்பு கரைந்திருக்கும், கரையோரச் சவர்த் தண்ணீரில் உப்பும் சேர்ந்திருக்கும். சூடானதும் சுண்ணாம்பு படிகிறது. உப்பு இரும்பையும் ஈயத்தையும் அரிக்கிறது. ஒவ்வொரு முறை கொதித்தபோதும் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் என்று 60 வருடம் ஊற்றிய ரேடியேற்றருக்குள் என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாரி மழையில், முதல் இரண்டு மழை கூரையைக் கழுவிய பிறகு பிடித்து, துணியில் வடித்த தண்ணீர் நல்லது. இல்லையேல் பற்றறிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர். அதோடு துரு தடுக்கும் கூலன்ற் சேருங்கள். எங்களுக்கு உறைபனி இல்லை, ஆகவே குளிர்நாடுகளில் போல பாதிக்குப் பாதி கலக்க வேண்டிய கட்டாயமில்லை. கூலன்றில் இருக்கிற கிளைக்கோல் கூடினால் கொதிநிலை ஏறும் என்பது உண்மை, ஆனால் தண்ணீர் சுமக்கிற அளவு வெப்பத்தை அது சுமக்காது. போத்தலில் எழுதியிருக்கிற குறைந்தபட்ச அளவு எங்களுக்குப் போதும். கூலன்ற் இனிப்பாக இருக்கும், நஞ்சு. வடித்ததைக் கோப்பையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பிள்ளைகளும் நாய்களும் உள்ள வளவுகள் எங்களுடையவை.

ரேடியேற்றரைச் சோதிக்க அந்த அண்ணர் செய்ததையே செய்யலாம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிற்பாட்டுங்கள். ஃபான் நின்ற பிறகு முன்பக்கத்தால் கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். மேலிருந்து கீழே சூடு மெதுவாகக் குறைய வேண்டும். நடுவில் குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை. இலேசான அடைப்பென்றால், கழற்றித் தலைகீழாக வைத்துக் கீழ்வாயால் தண்ணீர் அடித்தால் வெளியே வரும். கல் இறுகிவிட்டால் தொட்டிகளைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்த வேண்டும், அல்லது குழாய்கள் இருக்கிற நடுப்பகுதியை, அதாவது கோரை, மாற்ற வேண்டும். செப்பு, பித்தளை ரேடியேற்றர் என்பதால் இதற்கு வழி இருக்கிறது. புதிய கார்களின் பிளாஸ்ரிக் தொட்டிகளில் இந்த வசதி இல்லை.

1948 இல் வந்த தொடக்க கால மொறிஸ் மைனரின் 918 சிசி எஞ்சினில் வோட்டர் பம்பே இல்லை. சூடான தண்ணீர் மேலே ஏறி, குளிர்ந்தது கீழே இறங்கி, தானாகவே சுற்றும். அப்படிப்பட்ட கார் கையில் இருந்தால் ரேடியேற்றர் சுத்தம்தான் எல்லாம். ஒரு சிறிய அடைப்புக்கூட அந்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

ரேடியேற்றர் மூடியும் மற்றவையும்

மூடியை மாற்றும்போது கவனம். சதுர அங்குலத்துக்கு 4 இறாத்தல், 7 இறாத்தல் அழுத்தம் தாங்குவது என்று இந்தக் கார்களுக்கு மூடி வந்தது. 7 இறாத்தல் அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறக்குறைய 111 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். "அப்படியென்றால் ஜப்பான் காரின் 13 இறாத்தல் மூடியைப் போட்டால் இன்னும் நல்லதுதானே" என்று கடையில் சொல்வார்கள். போடாதீர்கள். அந்த அழுத்தத்துக்குச் செய்யாத ரேடியேற்றரின் ஈய ஒட்டு வெடிக்கும், ஹோஸ் கழரும்.

தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேற்றருக்கு விடுகிற வால்வான தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது இங்கே ஒரு வழக்கமாகவே இருக்கிறது. கழற்றி எறியாமல், ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, எத்தனை பாகையில் திறக்கிறது என்று பாருங்கள். சூடான நாடுகளுக்கு 74 பாகையில் திறப்பது உண்டு, 82 உம் உண்டு. திறக்காததை மாற்றுங்கள். கீழ் ஹோஸ் மெலிந்திருந்தால் வேகத்தில் பம்ப் உறிஞ்சும்போது சப்பையாகிவிடும். நிற்கும்போது பார்த்தால் இது தெரியாது, ஒருவர் எஞ்சினை முடுக்க மற்றவர் பார்க்க வேண்டும். ஃபான் பெல்ற்றைப் பெருவிரலால் அமர்த்தினால் அரை அங்குலம் அளவு இறங்க வேண்டும்.

இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடுகிற நேரம், பிந்தியிருந்தாலும் எஞ்சின் சூடேறும். எரிதல் தாமதமாகத் தொடங்கி, வெப்பம் வேலையாக மாறாமல் எக்சோஸ்ற் வழியிலும் ஹெட்டிலும் இறங்கும். 90களில் பெற்றோல் வராத காலம் எங்கள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் எஞ்சின் இலகுவில் தட்டும். தட்டாமலிருக்க டைமிங்கைப் பிந்த வைப்பது அதற்கு ஒரு மருந்து. அந்தக் காலத்தைக் கடந்து வந்த கார் என்றால் டைமிங்கைப் புதிதாக வைத்துப் பாருங்கள், ஹெட்டுக்குள் கரி எவ்வளவு படிந்திருக்கிறது என்றும் பாருங்கள். அந்த நாளில் எங்களை ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் சுமந்த கார்கள் இவை. அந்தச் சுமையின் தடம் உள்ளே இருக்கத்தான் செய்யும்.

இருக்கிற ஃபானையே ஒருமுறை பாருங்கள்

எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஒரு கொப்பி ஒற்றையை ரேடியேற்றரின் முன்பக்கத்தில் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் ஃபான் இழுக்கிறது. விழுந்தால் இழுக்கவில்லை.

விழுவதற்குப் பலநேரம் எளிய காரணம் இருக்கும். வோட்டர் பம்ப் மாற்றியபோது ஃபானைப் புறம் மாற்றிப் பூட்டியிருப்பார்கள். அப்படிப் பூட்டினாலும் காற்று பின்னோக்கித்தான் போகும். ஆனால் இறக்கையின் வளைவு தலைகீழாகிவிடுவதால் பாதி வேகம்கூட வராது. நான்கு ஆணியைக் கழற்றித் திருப்பிப் பூட்டுங்கள், ஒரு சதமும் செலவில்லை. மினி காரின் ஃபானை மைனருக்குப் போட்டிருந்தால் அது வேறு கதை. மினியில் ரேடியேற்றர் பக்கவாட்டில் இருப்பதால் அதன் ஃபான் ரேடியேற்றரை நோக்கி ஊதும். மைனருக்கு வேண்டியது ரேடியேற்றருக்குள்ளால் இழுப்பது.

ஃபானுக்கும் ரேடியேற்றருக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், தகரத்தில் ஒரு கூடு அடித்துப் பூட்டுவது நல்ல வேலை. கடையில் ஷ்ரவுட் என்பார்கள். கூடு இல்லாத ஃபான் தன் ஓரத்தில் உள்ள எஞ்சின் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். கூடு ரேடியேற்றரின் முழு முகத்தையும் மூட வேண்டும். இறக்கை நுனிக்கும் கூட்டின் விளிம்புக்கும் இடையில் அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் விடுங்கள், ஏனென்றால் எஞ்சின் ரப்பர் தாங்கியில் அசையும்.

என் எண்ணத்தில், ஊருக்குள் ஓடுகிற மைனருக்கும் ஒஸ்ரின் சோமசெற்றுக்கும் சுத்தமான ரேடியேற்றரும், சரியாகப் பூட்டிய பழைய ஃபானும், ஒரு கூடும் பெரும்பாலும் போதும். 948 சிசி எஞ்சின் 37 குதிரை வலு, 1098 சிசி 48 குதிரை வலு. வெளியேற்ற வேண்டிய வெப்பம் அவ்வளவு பெரிதல்ல.

அதன் பிறகும் வேண்டுமென்றால்: தெரிவு செய்வது

கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகிற கார், மேளத்துக்குப் பின்னால் ஒரு மணித்தியாலம் ஊர வேண்டும். அப்படியான காருக்கு எலெக்ரிக் ஃபான் நியாயமான செலவு.

கடைக்குப் போகுமுன் மூன்று அளவு எடுங்கள். ரேடியேற்றர் கோரின் அகலம், உயரம், கோருக்கும் வோட்டர் பம்பின் மூக்குக்கும் இடையிலான தூரம். மூன்றாவதுதான் பெரும்பாலும் காலை வாரும். மெல்லிய ஃபான் என்று விற்பதுகூட மோட்டர் இருக்கிற நடுவில் இரண்டரை அங்குலம் தடிக்கும். பிரேக் பிடிக்கும்போது எஞ்சின் முன்னே சாயும், அதற்கு இன்னும் ஒரு அங்குலம் விடுங்கள்.

இடம் இருந்தால் எஞ்சின் பக்கம் பூட்டி இழுக்கிற ஃபானை எடுங்கள். அது ஓட்டத்தில் காற்றை மறிப்பது குறைவு. இடமில்லாவிட்டால் மட்டும் முன்பக்கம் பூட்டித் தள்ளுகிறது. 10 அங்குலம் முதல் 12 அங்குலம் வரை, கோரின் அகலத்துக்குள் அடங்குகிற பெரியதாகப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கிற காற்றளவை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ரேடியேற்றர் இல்லாமல், திறந்த வெளியில் சுற்றவிட்டு அளந்தது.

புதிதாக வாங்கலாம், அல்லது மாருதி 800, ஒல்ற்றோ போன்ற சிறிய கார்களின் ஃபானைக் கழித்த சாமான் கடைகளில் எடுக்கலாம். கொழும்பு போகிறவர்கள் பஞ்சிகாவத்தையில் தேடுவார்கள். எங்கே எடுத்தாலும் கடையிலேயே ஒரு பற்றறியில் கொடுத்துச் சுற்றவிட்டுப் பாருங்கள். மோட்டரில் இரண்டு வயர் வெளியே வர வேண்டும். ஒரு வயர் மட்டும் வந்து உடம்பே எர்த்தாக இருக்கிற மோட்டரை வாங்க வேண்டாம். ஏன் என்பது அடுத்ததில் வருகிறது.

மின்சாரம்: இங்கேதான் பலர் விழுகிறார்கள்

பற்றறியைச் சார்ஜ் பண்ண டைனமோவோடு வந்த மொறிஸ் மைனர்களில் கடைசி வரை பொசிற்றிவ்தான் எர்த். அந்தக் கால ஒஸ்ரின்களும் அப்படித்தான். பற்றறியின் பொசிற்றிவ் முனை உடம்போடு இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சிலவற்றை யாரோ முன்பே மாற்றியிருப்பார்கள். பொசிற்றிவ் எர்த் காரில் ஃபானை வழக்கம்போல இணைத்தால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றி, காற்றையும் எதிர்ப்பக்கம் தள்ளும். ஃபானின் பொசிற்றிவ் வயரை எர்த்துக்கும் மற்றதை மின் வரும் பக்கத்துக்கும் கொடுங்கள். ஒரு வயர் மோட்டரில் இப்படி மாற்றிக் கொடுக்க முடியாது. பூட்டியதும் அதே கொப்பி ஒற்றைச் சோதனை.

இனி டைனமோ. லூகாஸ் சி40 டைனமோ நன்றாகச் சுற்றும்போது 22 அம்பியர் தரும், அதற்கு முந்திய சி39 கிட்டத்தட்ட 19. இரவில் முன் விளக்கு இரண்டும் ஏழெட்டு அம்பியர், சிறு விளக்குகள் இரண்டு மூன்று, இக்னிஷன் மூன்று நான்கு. மேலே ஃபான் எட்டுப் பத்து. கூட்டிப் பாருங்கள், விளிம்பில் நிற்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ ஒன்றுமே தராது. சிவப்பு லைற் மினுங்குவது அதைத்தான் சொல்கிறது. ஃபான் உங்களுக்கு மிக வேண்டிய நேரம் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிற நேரம்தான். அந்த ஒரு மணித்தியால ஊர்வலம் முழுக்கப் பற்றறிதான் ஃபானைச் சுமக்கும். எனக்கு நல்லூரடியில் இப்படித்தான் நடந்தது: எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது, ஆனால் நிற்பாட்டிவிட்டுத் திரும்ப ஸ்ராட் எடுக்கவில்லை.

ஆகவே ஊர்வலக் கார் என்றால் மெதுவாகச் சுற்றும்போதும் மின் தருகிற ஒல்ற்றனேற்றருக்கு மாறுவதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். அதோடு நெகற்றிவ் எர்த்துக்கும் மாற வேண்டும். எப்போதாவது மட்டும் ஊர்கிற கார் என்றால், பழைய ஃபானைக் கழற்றாமல் எலெக்ரிக் ஃபானை முன்பக்கம் துணைக்கு மட்டும் வைத்து, பற்றறியை நல்லதாக வைத்திருப்பது மலிவான வழி.

வயரிங் இப்படி: பற்றறிப் பக்கமிருந்து 20 அம்பியர் பியூஸ், அதன்பின் ரிலேயின் (சிறு மின்னால் பெரிய மின்னைத் திறந்து மூடுகிற சுவிச்) 30 ஆம் முனை. 87 ஆம் முனையிலிருந்து ஃபான். 85, 86 இரண்டில் ஒன்று இக்னிஷன் திறந்தால் மட்டும் மின் வரும் வயருக்கு, மற்றது வெப்ப சுவிச்சின் வழியாக எர்த்துக்கு. ஃபானுக்குப் போகிற வயர் 4 சதுர மில்லிமீற்றர் தடிப்பு இருந்தால் நிம்மதி. பொசிற்றிவ் எர்த் என்றால் உள்ளே டயோட் இல்லாத சாதாரண ரிலேயாக வாங்குங்கள். காரின் பழைய வயர்க் கட்டிலிருந்து ஃபானுக்கு மின் எடுக்க வேண்டாம், அந்தத் துணி சுற்றிய வயர்கள் இந்தச் சுமைக்கு வந்தவை அல்ல.

வெப்ப சுவிச் தேர்மோஸ்ரற் திறக்கிற அளவைவிட மேலே இருக்க வேண்டும். 82 பாகை தேர்மோஸ்ரற்றுக்கு 90 முதல் 92 இல் ஃபான் தொடங்கி, 87 அளவில் நிற்கிறது பொருத்தம். அதைவிடக் கீழே என்றால் ஃபான் ஓயாது. மேல் ஹோஸை வெட்டி நடுவில் பூட்டுகிற உலோகக் குழாயில் சுவிச்சைத் திருகலாம். ஒரு வயர்ச் சுவிச் என்றால் அந்தக் குழாய்க்கு எர்த் வயர் கொடுக்க மறக்காதீர்கள், இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் தானாக எர்த் கிடைக்காது. டாஷ்போட்டில் கையால் போடுகிற சுவிச் ஒன்றும், ஃபான் ஓடுவதைக் காட்டுகிற சிறு விளக்கொன்றும் வையுங்கள்.

பூட்டுதல்

கோரின் குழாய்களுக்கு நடுவால் பிளாஸ்ரிக் கம்பி கோத்து ஃபானைத் தொங்கவிடுகிற முறையைத் தவிருங்கள். அதிர்வில் அது கோரை அரித்துத் துளைக்கும். ரேடியேற்றரின் பக்கச் சட்டத்தில் பிடிக்கும்படி இரும்புப் பட்டம் வளைத்துப் பூட்டுங்கள்.

பழைய ஃபானைக் கழற்றுவதானால், அதைப் பிடித்த நான்கு ஆணிகள்தான் பெல்ற் ஓடுகிற கப்பியையும் பிடிக்கின்றன. ஃபானின் தடிப்புப் போனதும் அதே ஆணி நீளமாகி உள்ளே போய் பம்பில் தட்டும். கட்டையான ஆணி போடுங்கள், அல்லது ஃபானின் தடிப்புக்கு வளையம் வையுங்கள். கழற்றிய ஃபானையும் பழைய ஆணிகளையும் ஒரு துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள். வழியில் மோட்டர் எரிந்தால் அவை உங்களை வீடு சேர்க்கும்.

முடிந்ததும் முதலில் வளவுக்குள் நிறுத்தி, ஃபான் தானாகத் தொடங்கி நின்று மூன்று சுற்று வரும் வரை வெப்பமானியைப் பாருங்கள். ரிலேயையும் பியூஸ் முனையையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் எங்கோ இணைப்புத் தளர்வு. பிறகு மத்தியான வெயிலில் ஆனையிறவு வரை ஒரு ஓட்டம். போகும்போது ஐந்து லீற்றர் மழைத் தண்ணீர் கொண்டுபோங்கள். கொதித்தால் நிறுத்தி, அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். அதற்குமுன் மூடியைத் தொட வேண்டாம். ஆறிய பிறகும் தடித்த துணி போட்டு, மூடியை முதல் படி வரை மட்டும் திருப்பி அழுத்தத்தை விட்டுவிட்டே முழுவதும் திறவுங்கள். தண்ணீரை எஞ்சின் ஓடும்போது சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

திரும்பி வந்து மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஃபான் பட்டத்தின் ஆணிகளை இன்னொருமுறை இறுக்குங்கள். தண்ணீர் மட்டத்தையும் அப்போதே பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள்.